கழலாத போல்ட்டும் ஆடும் இருக்கையும்

கமோடின் இருக்கை இடமும் வலமுமாக அசையத் தொடங்கிய பிறகும் மாதக்கணக்கில் அதனோடு காலம் தள்ளும் வீடுகள் நிறைய உண்டு. உட்காரும் முன் கையால் அதை நேராக்கிவிட்டு உட்காரும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் தானாக வந்துவிடுகிறது. இளையவர்களுக்கு அது சிறு தொல்லை மட்டுமே. முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவர், கண் மங்கிய முதியவர் ஆகியோருக்கு அது விழுவதற்கான வாய்ப்பு. என் அம்மா சுவரில் ஒரு கையை ஊன்றி, உடல் எடையை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் உட்காருவார். அப்படிச் சாயும் நொடியில் இருக்கை இரண்டு விரற்கடை அளவு நழுவினாலும் அவரது உடல் அதைத் தாங்கிச் சமாளிக்காது. ஆகவே எங்கள் வீட்டில் இந்த இருக்கையை மாற்றுவது பாதுகாப்பு தொடர்பான வேலை என்றே கருதினேன்.

இருக்கை ஏன் ஆடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்ததுபோல. கமோடின் பின்பகுதியில், தண்ணீர்த் தொட்டிக்குச் சற்று முன்னால், பீங்கானில் இரண்டு துளைகள் இருக்கும். அந்தத் துளைகள் போல்ட்டின் தடிமனைவிட நன்றாகவே அகலமானவை. வெவ்வேறு இருக்கைகளைப் பொருத்துவதற்கு வசதியாக அப்படி விடப்பட்டிருக்கின்றன. போல்ட்டைத் துளையின் நடுவில் நிறுத்துவது நட்டின் இறுக்கம் மட்டும் அல்ல, துளைக்குள் செருகப்படும் கூம்பு வடிவ ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வாஷரும்தான். ரப்பர் நாளடைவில் காய்ந்து, நொறுங்கி, உதிர்ந்துபோனதும் போல்ட்டு அந்த அகலமான துளைக்குள் விருப்பம்போல் நகர்கிறது. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் சில வாரங்களில் மீண்டும் ஆட்டம் தொடங்குவதற்குக் காரணம் இதுவே. பிளம்பரைக் கூப்பிட்டு இறுக்கச் சொல்பவர்கள், வாஷரை மாற்றச் சொல்லிக் கேட்பதில்லை.

இருக்கை பொருத்தும் முறைகளில் பெரும்பான்மையானவை இரண்டு வகை. முதல் வகையில் போல்ட்டு மேலிருந்து கீழே இறங்கும். பீங்கானுக்கு அடியில் நட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். தரையில் நிற்கும் பழைய கமோடுகள் பெரும்பாலும் இப்படித்தான். இரண்டாவது வகையில் அடியில் கை நுழைய வழியே இருக்காது. சுவரில் தொங்கும் கமோடுகளிலும், பக்கவாட்டு முழுவதும் மூடப்பட்ட ஒற்றைத் துண்டுக் கமோடுகளிலும் துளைக்குள் ஒரு ரப்பர் உறையைச் செருகி, மேலிருந்தே திருகுவார்கள். திருகத் திருக அந்த ரப்பர் உறை கீழே உப்பித் துளையை இறுகப் பற்றிக்கொள்ளும். தன் வீட்டில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் யாரும் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. கைப்பேசியின் விளக்கை எரியவிட்டு, கமோடின் அடிப்புறத்தைக் காணொளியாக எடுத்துப் பார்த்தால் தரையில் தலையை வைத்துப் படுக்காமலேயே எல்லாம் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் இருந்தது முதல் வகை. அந்தக் காணொளியில் நட்டு என்று ஒன்று தெரியவே இல்லை. பழுப்பும் வெள்ளையும் கலந்த ஒரு கட்டிதான் தெரிந்தது.

அந்தக் கட்டியில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் இருந்தன. வெள்ளையாகத் தெரிந்தது உப்புப் படிவு. தென்சென்னைப் புறநகரில் எங்களைப் போல ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கும் குடியிருப்புகளில் வாளியின் விளிம்பிலும் குழாயின் வாயிலும் படியும் அதே சுண்ணாம்புப் படிவுதான் இது. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500, தண்ணீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் ஆதாரம் இல்லாத நிலையில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. புழங்குவதற்கு மட்டும் பயன்படும் ஆழ்துளைக் கிணற்று நீரை யாரும் இந்த அளவுகோலால் அளப்பதில்லை. ஆனால் அந்த நீர்தான் ஹெல்த் ஃபாசெட்டிலிருந்து தெறித்து, போல்ட்டின் வழியாக இறங்கி, மரையின் இடுக்குகளில் காய்ந்து, ஒவ்வொரு நாளும் ஒரு மெல்லிய படலத்தை விட்டுச்செல்கிறது. பழுப்பாகத் தெரிந்தது துரு. துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையே மரையில் இருந்த சிறு இடைவெளி முழுவதும் துருவால் நிரம்பி, இரண்டும் ஒரே உலோகத் துண்டாகிவிடுகின்றன.

துருவுக்குத் தண்ணீரைவிடப் பெரிய துணையாக இருப்பது நாம் கழிப்பறையைக் கழுவும் திரவம் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. கறை போக்கும் கழிப்பறைத் திரவங்களில் பெரும்பாலானவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அது பீங்கானை ஒன்றும் செய்யாது. இரும்பின் மேல் உள்ள துத்தநாக முலாமை மிக எளிதாகக் கரைத்துவிடும். எவர்சில்வர் போல்ட்டைக்கூட அந்த அமிலமும் அதிலுள்ள குளோரைடும் புள்ளி புள்ளியாக அரிக்கும். திரவத்தை ஊற்றி, மூடியை மூடிவிட்டு, இரவு முழுவதும் ஊறவிடும் வழக்கம் உள்ள வீடுகளில் அமிலத்தின் ஆவி கீல்களையும் போல்ட்டுகளையும் சுற்றியே நிற்கிறது.

வேலையைத் தொடங்கும் முன் குளியலறையிலிருந்து வாளி, குவளை, பிரஷ் எல்லாவற்றையும் வெளியேற்றிவிட வேண்டும். கமோடுக்கும் சுவருக்கும் இடையே தோள் நுழையும் அளவுக்குக்கூட இடம் இல்லாத கட்டுமானமே நம் அடுக்குமாடிகளில் அதிகம். கமோடின் வாய்க்குள் ஒரு பழைய துண்டை அடைத்து வைத்தேன். வாஷரோ போல்ட்டுத் துண்டோ உள்ளே விழுந்து அடைத்துக்கொண்டால் அது வேறொரு பெரிய வேலையாகிவிடும். கண்ணாடி அணிந்துகொள்வதும் அவசியம், ஏனென்றால் கீழிருந்து மேலே பார்த்து வேலை செய்யும்போது துருத்தூள் நேராகக் கண்ணில்தான் விழும்.

முதலில் சுண்ணாம்பு, பிறகுதான் துரு. இந்த வரிசை முக்கியம். சுண்ணாம்புப் படிவு மூடியிருக்கும்வரை எண்ணெய் மரைக்குள் இறங்காது. வினிகரில் நனைத்த துணியை நட்டைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை இறுக்கிவிட்டால் சில மணி நேரத்தில் படிவு இளகி, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்கும்போது உதிர்ந்துவிடும். எலுமிச்சைச் சாறும் இதே வேலையைச் செய்யும். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை: அமிலம் எதுவாக இருந்தாலும், அதே இடத்தில் பிளீச்சிங் பவுடரையோ குளோரின் கலந்த திரவத்தையோ சேர்க்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியேறும். ஜன்னல் இல்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வினிகரை நன்றாகக் கழுவித் துடைத்து, ஈரம் போன பிறகு, துருவை இளக்கும் எண்ணெயை மரையில் பீய்ச்சி ஓர் இரவு விட்டேன். மேலே கீலின் மூடியைத் திறந்து போல்ட்டின் தலைப்பக்கமிருந்தும் சில துளிகள் விட்டால் எண்ணெய் தானாகக் கீழே வடியும். பலர் எண்ணெய் தெளித்த ஐந்தாவது நிமிடமே ஸ்பேனரைப் போட்டுவிட்டு, எண்ணெயால் பயனில்லை என்கிறார்கள். எண்ணெய்க்கு வேண்டியது நேரம் மட்டுமே.

நட்டைத் திருகும் திசையில் அனுபவம் உள்ளவர்களும் தடுமாறுவார்கள். நட்டு கீழ்நோக்கி இருப்பதால், அதைக் கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்குக் கழற்றும் திசை இடஞ்சுழி. மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு கையை மட்டும் கீழே விட்டுத் திருகுபவருக்கு அதே திசை வலஞ்சுழியாகத் தெரியும். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் கை தன் பழக்கத்துக்கு இறுக்கும் பக்கமே திருகப் பார்க்கும். பென்சிலால் ஓர் அம்புக்குறியைச் சுவர் டைல்ஸில் வரைந்துகொண்டு தொடங்குவது நல்லது.

இந்த இடத்தில் சாதாரண ஸ்பேனர் பயன்படாது. அதைத் திருப்ப இடம் இருக்காது. நட்டின் விளிம்பும் துருவால் தேய்ந்திருப்பதால் வாய் வழுக்கி, நட்டை உருண்டையாக்கிவிடும். 8 மில்லிமீட்டர் போல்ட்டின் நட்டுக்கு 13 மில்லிமீட்டர் அளவும், 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் அளவும் உள்ள பாக்ஸ் ஸ்பேனரே சரி. அதிலும் குழாய்போல் நீண்ட, உள்ளே ஆழமானதாகப் பார்த்து வாங்க வேண்டும். நட்டுக்குக் கீழே போல்ட்டின் வால் நீண்டு தொங்குவதால் ஆழமில்லாத சாக்கெட் நட்டை எட்டுவதற்குள் வாலில் முட்டி நின்றுவிடும். வலது பக்க நட்டு இந்தப் பாக்ஸ் ஸ்பேனருக்கு முதலில் முனகி, பிறகு இணங்கியது. ஒரேயடியாகச் சுற்றாமல், கால் சுற்று கழற்றி, எட்டில் ஒரு பங்கு இறுக்கி, மீண்டும் கழற்றி என முன்னும் பின்னுமாக ஆட்டினால் மரைக்குள் உள்ள துருத்தூள் நொறுங்கி வெளியேறும், எண்ணெயும் உள்ளே போகும்.

இடது பக்கம்தான் பிடிவாதம். நட்டைத் திருகினால் போல்ட்டும் சேர்ந்தே சுழன்றது. மேலே போல்ட்டின் தலையில் திருப்புளி நுழைவதற்கான பள்ளம் துருவால் அரித்துப் பள்ளம் என்றே சொல்ல முடியாத நிலையில் இருந்தது. நட்டும் போல்ட்டும் ஒன்றாகச் சுற்றுமானால் இனி எவ்வளவு பலம் கொடுத்தும் பயனில்லை.

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான கமோடுகள் உடைகின்றன. சுத்தியலால் ஒரு தட்டு, கம்பியால் ஒரு நெம்பு, கேஸ் டார்ச்சால் ஒரு சூடு என்று மனம் போகும். இரும்பு வேலையில் இவையெல்லாம் நல்ல உத்திகள். ஆனால் இங்கே இரும்பைப் பிடித்துக்கொண்டிருப்பது பீங்கான். ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியஸில் சுடப்பட்ட அந்தப் பீங்கான் மேலிருந்து அழுத்தும் எடையை எளிதாகத் தாங்கும். இழுக்கும் விசையையும், அதிர்ச்சியையும், ஓரிடத்தில் மட்டும் ஏறும் வெப்பத்தையும் தாங்காது. துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விழுந்தால் முதலில் தெரியாது. பிறகு ஒருநாள் அது வளர்ந்து விளிம்புவரை வந்துவிடும். ஒரு போல்ட்டின் விலை எங்கே, கமோடையே பெயர்த்து எடுத்து, டைல்ஸை உடைத்து, மறுபடி பூசும் செலவு எங்கே! எங்கள் தெரு முனை ஹார்டுவேர் கடைக்காரரிடம் வேறு அளவில் ஸ்பேனர் கேட்டபோது அவர் என் கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதைத் திருகிட்டு இருக்காதீங்க. அறுத்துடுங்க. போல்ட்டு போனா புதுசு வாங்கிக்கலாம்" என்று சொல்லி ஒரு ஹாக்ஸா பிளேடை எடுத்துக் கொடுத்தார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த அறிவுரை அதுதான்.

அறுப்பதற்குச் சட்டம் மாட்டிய ஹாக்ஸா நுழையாது. பிளேடை மட்டும் கையில் பிடிக்க வேண்டும். அங்குலத்துக்கு 24 பற்கள் உள்ள, வளைந்தாலும் முறியாத வகைப் பிளேடு இதற்கு ஏற்றது. ஒரு முனையில் துணியைச் சுற்றி இன்சுலேஷன் டேப்பால் கட்டிவிட்டால் அதுவே கைப்பிடி. பற்கள் நம்மை நோக்கி இருக்குமாறு பிடித்து, இழுக்கும்போது அறுக்க வேண்டும். தள்ளும்போது அறுத்தால் பிளேடு வளைந்து பீங்கானில் குத்தும். அறுக்கும் இடம் கீலுக்கும் பீங்கானுக்கும் நடுவே உள்ள இடைவெளி. அங்கே இருந்த பழைய ரப்பர் வாஷரைக் கத்தியால் கீறி எடுத்ததும் பிளேடு நுழையும் அளவுக்கு வழி கிடைத்தது. பீங்கானின் பளபளப்பைக் காக்க ஏதாவது மெல்லிய, வழவழப்பான தகடு வேண்டும். அம்மாவின் முழங்காலைப் படம் எடுத்த பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, நடுவில் ஒரு பிளவு போட்டு, போல்ட்டைச் சுற்றிச் செருகி, விளிம்புகளை டேப்பால் ஒட்டினேன். சுழலும் போல்ட்டை அறுக்க முடியாது என்பதால், கீழே நட்டை, கவ்விய பிடியிலேயே பூட்டிக்கொள்ளும் லாக்கிங் பிளையரால் கவ்வி, அதன் கைப்பிடி சுவரில் முட்டி நிற்குமாறு விட்டேன்.

முதல் சில இழுப்புகளில் செங்காவித்தூள்தான் உதிர்ந்தது. பிறகு பிளேடு வழுக்குவதுபோல் தோன்றி, சத்தம் மெல்லிய கீச்சொலியாக மாறியது. துருவைத் தாண்டி உலோகத்தைத் தொட்டதற்கு அதுவே அறிகுறி. வெட்டில் வெள்ளிக் கோடு ஒன்று மினுங்கியது. அங்கே ஒரு துளி எண்ணெய் விட்டு, அவசரமில்லாத நீண்ட இழுப்புகளாக அறுத்தேன். பிளேடு சூடானால் பற்கள் மழுங்கிவிடும்; ஆகவே அவ்வப்போது நிறுத்திவைப்பது கைக்கும் பிளேடுக்கும் நல்லது. முக்கால் பங்கு அறுந்ததும் மிச்சத்தை ஒடித்துவிடலாம் என்ற ஆசை வரும். அந்த ஒடிக்கும் விசையும் பீங்கானின்மேல்தான் விழும் என்பதால் கடைசி இழைவரை அறுத்தே முடிக்க வேண்டும். முடிந்ததும் நட்டோடு சேர்ந்த துண்டு பிளையரின் எடையில் கீழே விழுந்தது.

பிளாஸ்டிக் போல்ட்டாக இருந்தால் இத்தனை பாடு கிடையாது. அதே பிளேடு ஒரு நிமிடத்தில் அறுத்துவிடும். பிளேடே நுழையாத இடைவெளியாக இருந்தால் போல்ட்டின் தலையைத் துளையிட்டு எடுக்கலாம்: 3 மில்லிமீட்டர் முனையில் தொடங்கி, படிப்படியாகப் பெரிய முனைக்கு மாறி, தலை கழன்று வரும்வரை. டிரில் இயந்திரத்தில் சுவர் துளைக்கும் இடிப்பு இயக்கம் நிச்சயமாக நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். ரப்பர் உறை வகையில் வரும் சிக்கல் வேறு. மேலே திருகும்போது உறையும் சேர்ந்து சுற்றும். இருக்கையை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டே திருகைக் கழற்றினால் உறை துளையின் அடியில் இறுகி நிற்கும், திருகு மட்டும் இளகும். இதற்கு இரண்டு பேர் வேண்டும்.

இரும்புத் தூளை உடனே கழுவிவிட வேண்டும். ஈரமான டைல்ஸில் ஓர் இரவு கிடந்தால் அது பழுப்புக் கறையாகிவிடும். பிளேடு உரசிய இடத்தில் பீங்கானில் சாம்பல் நிறக் கோடுகள் தெரியலாம். அவை பெரும்பாலும் கீறல் அல்ல, பீங்கானில் ஒட்டிய உலோகத் தடம். ஆக்ஸாலிக் அமிலம் கலந்த கறைநீக்கியால் தேய்த்தால் போய்விடும்.

கடைகளில் சீட் கவர் என்று கேட்டு வாங்கும் இந்த இருக்கையைத் தேர்ந்தெடுக்க மூன்று அளவுகள் போதும்: இரு துளைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம், துளைகளிலிருந்து முன் விளிம்புவரை நீளம், அதிகபட்ச அகலம். எங்கள் கமோடில் துளைகளுக்கு இடையே 155 மில்லிமீட்டர் இருந்தது. அமெரிக்கக் கமோடுகளில் இது ஐந்தரை அங்குலம், அதாவது ஏறத்தாழ 140 மில்லிமீட்டர் என்பதால் இணையத்தில் வாங்குபவர்கள் இதைச் சரிபார்க்க வேண்டும். வடிவத்தையும் ஒரு காகிதத்தில் வரைந்து எடுத்துப் போவது நல்லது, முட்டை வடிவமும் ஆங்கில D எழுத்து வடிவமும் ஒன்றுக்கொன்று ஒருபோதும் பொருந்தா. இந்தியாவில் பிளாஸ்டிக் இருக்கைகளுக்கான தரநிலை ஐ.எஸ். 2548, சூட்டில் இறுகிவிடும் வகைப் பிளாஸ்டிக்குக்கு ஒரு பகுதியும், இளகும் வகைக்கு இன்னொரு பகுதியும் அதில் உண்டு. முதல் வகையான யூரியா ஃபார்மால்டிஹைடு கனமானது, கெட்டியானது, எளிதில் கீறல் விழாதது. இரண்டாம் வகையான பாலிபுரொப்பிலீன் இலேசானது, விலை குறைந்தது, எடை ஏறும்போது சற்று வளைந்து கொடுப்பது. முதியவர் பயன்படுத்தும் கழிப்பறைக்கு நான் முதல் வகையையே சொல்வேன். மெதுவாக மூடும் கீல் இருந்தால் கை நடுங்குபவர்களுக்கும் அது உதவி.

இருக்கையைவிட அதன் போல்ட்டைத்தான் நான் அதிக நேரம் பார்த்து வாங்கினேன். நல்ல இருக்கையோடு மட்டமான போல்ட்டைச் சேர்த்துக் கொடுப்பது கடைகளில் சாதாரணம். ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். பெட்டியில் இருந்த போல்ட்டில் அது இறுக ஒட்டியது. அதாவது முலாம் பூசிய இரும்பு, அல்லது துருப்பிடிப்பதைத் தடுக்கும் திறன் குறைந்த எஃகு. அதை ஒதுக்கிவிட்டு, 304 தர எஸ்.எஸ். (எவர்சில்வர்) போல்ட்டும் நைலான் நட்டும் தனியாக வாங்கினேன். எஸ்.எஸ். போல்ட்டுக்கு எஸ்.எஸ். நட்டையே போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு துருவே இல்லாமலும் கழலாமல் போகக்கூடும். நைலான் நட்டில் அந்தப் பயம் இல்லை. அது கழல மறுத்தாலும் ஒரு கத்தியால் பிளந்து எடுத்துவிடலாம். அடுத்த முறை இந்த வேலையைச் செய்யப்போவது நானோ, முன்பின் தெரியாத ஒரு பிளம்பரோ, யாராக இருந்தாலும் அவர் பீங்கானோடு மல்லுக்கட்ட வேண்டிய நிலை வரக் கூடாது என்பதே இந்தத் தேர்வுக்குக் காரணம்.

பொருத்தும்போது கூம்பு வாஷரின் குறுகிய முனை துளைக்குள் போகுமாறு மேலும் கீழும் வைத்து, மரையில் சிலிகான் கிரீஸ் தடவி, நட்டுகளைத் தளர்வாக ஏற்றினேன். பிறகு இருக்கையை மூடி, கமோடின் விளிம்போடு இருபுறமும் சமமாக நிற்கிறதா என்று பார்த்து, இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றிக் கையால் இறுக்கினேன். கை நின்ற இடத்திலிருந்து ஸ்பேனரால் கால் சுற்று மட்டும். நீண்டு தொங்கும் போல்ட்டின் வாலை நட்டுக்குக் கீழே அரை அங்குலம் விட்டு அறுத்து, முனையில் அரம் போட்டால் அடுத்த முறை சாதாரண சாக்கெட்டே நட்டை எட்டும். எடை ஏறி இறங்கியதும் ரப்பர் சற்று அமுங்கும் என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடி இறுக்கிப் பார்ப்பது கட்டாயம். எங்கள் நட்டு அப்போது இன்னும் ஒரு சிறு திருகலுக்கு இடம் கொடுத்தது.

இப்போது அமிலத் திரவத்தை வாரம் ஒருமுறை மட்டும், மூடியைத் திறந்தே வைத்து, பத்து நிமிடத்துக்கு மேல் ஊறவிடாமல் கழுவுகிறோம். கீல்களைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து ஈரத்தை ஒற்றி எடுக்கிறோம். மிச்சமிருந்த ஒரு நைலான் நட்டும் இரண்டு கூம்பு வாஷர்களும், துளைகளின் அளவு எழுதிய சீட்டோடு, தண்ணீர்த் தொட்டியின் உதிரி பாகங்கள் இருக்கும் டப்பாவில் இருக்கின்றன.